ஜன்னலுக்குத் தண்ணீரைக் கொண்டுபோகாதீர்கள்

கேள்வி: டொரண்டோவில், ஸ்கார்பரோ பகுதியில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். போன மார்ச் மாதம் ஜன்னல் ஓரத்தில் கத்தரி, மிளகாய், தக்காளி விதைத்து நாற்று விட்டேன். பாதி நாற்று அடித்தண்டில் சரிந்து செத்துவிட்டது. மே மாதம் தட்டுகளை எடுத்துப் பார்த்தபோது ஜன்னலின் அடிப்பலகையில் பெயின்ட் கொப்புளமாக எழும்பி, முன் ஓரம் உப்பிப் போயிருந்தது. வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டார். இந்த ஆண்டும் நாற்று விட ஆசை. பலகையைக் கெடுக்காமல் செய்ய வழி இருக்கிறதா?

பதில்:

இருக்கிறது. நான் இந்த ஊரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீடுகளின் உள்வேலை செய்கிறவன். ஜன்னல் சட்டம், கதவுச் சட்டம், ஜிப்சம் சுவர், பெயின்ட் எல்லாம் என் தொழில். அதே காலமாக என் வீட்டிலும் மார்ச் பிறந்தால் நாற்று விடுகிறேன். அதனால் பலகையின் பக்கமும் தெரியும், செடியின் பக்கமும் தெரியும். நீங்கள் இரண்டு நஷ்டங்களைச் சொல்லியிருக்கிறீர்கள். உண்மையில் அது ஒன்றுதான். உங்கள் நாற்றைக் கொன்றதும் பலகையை உப்ப வைத்ததும் ஒரே தண்ணீர். செடிக்குத் தேவைக்கு மேல் ஊற்றியது மண்ணில் தேங்கி நாற்றை அழுக வைத்தது. மண்ணும் தாங்காதது கீழே இறங்கிப் பலகைக்குப் போனது.

அதனால் நான் சொல்வது ஒரே ஒரு பழக்கம்தான். ஜன்னலுக்குத் தண்ணீரைக் கொண்டுபோகாதீர்கள். செடியைத் தண்ணீரிடம் கொண்டுபோங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு மட்டும். குடிப்பதும் வடிவதும் சமையலறைத் தொட்டியில் நடக்கட்டும்.

முதலில் பலகைக்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓரம் உப்பியது என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது எம்.டி.எஃப். பலகைதான். நுண்ணிய மரநார்களைப் பிசினோடு கலந்து, சூட்டில் அழுத்திச் செய்தது. மேல்முகம் வழவழப்பாக இருப்பதால் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அறுத்த ஓரமும் அடிப்பக்கமும் பல வீடுகளில் ஒரு கை பெயின்ட்கூடப் பார்க்காமல் பொருத்தப்பட்டிருக்கும். தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான். நுழைந்த தண்ணீரைக் குடித்து நார்கள் பருக்கும். பிறகு எவ்வளவு காயவைத்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. நல்ல பைன் மரப்பலகை நனைந்தால் கறை படியும், சற்று வளையும், காய்ந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். எம்.டி.எஃப். அப்படி மன்னிக்காது.

பலகையோடு நின்றாலும் பரவாயில்லை. அடிப்பலகையும் ஜன்னல் சட்டமும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய சிலிக்கான் கோடு இருக்கும். பழைய கட்டடங்களில் அது வெடித்து, நகம் நுழையும் அளவுக்குப் பிளந்திருக்கும். தட்டிலிருந்து வழியும் தண்ணீர் அந்தப் பிளவில் இறங்கினால் நேரே ஜிப்சம் சுவருக்குள் போகிறது. ஜிப்சம் பலகையின் இரு பக்கமும் காகிதம். ஈரக் காகிதத்தைப் போலப் பூஞ்சைக்குப் பிடித்த உணவு வேறில்லை. நனைந்த இடத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. சுவருக்குள் இறங்கியதை எப்படி உலர்த்துவது? அது இறங்கியதே உங்களுக்குத் தெரியாது.

ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு அம்மா ஒரு சொட்டுக்கூடச் சிந்தியதில்லை என்று உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். ஜன்னலில் ஒரு மண்தொட்டியில் கற்றாழை. அதற்கு அடியில் சுட்ட மண்ணால் செய்த தட்டு. தட்டைத் தூக்கினேன். வெள்ளைப் பெயின்டில் காப்பி நிறத்தில் ஒரு வட்டம். வட்டத்தின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். நனைந்த பிஸ்கோத்து போல விரல் உள்ளே போனது. சுட்ட மண்ணுக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மேலே இருக்கும் ஈரம் அவற்றின் வழியே மெல்ல மெல்ல இறங்கும். தட்டுக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் போக இடமில்லாததால் அந்த ஈரம் காயவே காயாது. ஆக, சிந்துவது மட்டும் ஆபத்தில்லை. தட்டின் அடியில் அடைபட்டுக் கிடக்கும் ஈரமும் ஆபத்துதான். பூச்சு இல்லாத மண்தட்டு, காகிதக் கிண்ணம், முட்டை அட்டை, தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கும் பீட் வில்லை (மட்கிய பாசியை அழுத்திச் செய்தது), இவற்றில் எதையும் பலகை மீது நேரடியாக வைக்காதீர்கள்.

இனி செய்முறைக்கு வருகிறேன். மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

கடையில் வாங்கும் நாற்றுக் கலவை காய்ந்து தூள்போல இருக்கும். அதைக் குழித்தட்டில் நிரப்பி மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் மேலே மிதந்து நிற்கும், ஓரமாக வழியும், நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும். முதல் நாள் வெள்ளம் இப்படித்தான் வருகிறது. நிரப்புவதற்கு முன்பே ஒரு பெரிய பாத்திரத்தில் கலவையைக் கொட்டி, வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசறுங்கள். குளிர்ந்த நீரைவிட வெந்நீரை அது சீக்கிரம் உறிஞ்சும். பதம் என்ன என்று கேட்டால், புட்டு மாவுப் பதம். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசியலாம், ஒழுகக் கூடாது. இந்தப் பதத்தில் நிரப்பி, விதையிட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்துவிட்டால் முளைக்கும்வரை அநேகமாகத் தண்ணீரே வேண்டியதில்லை.

முளைக்கும்வரை ஜன்னலும் வேண்டியதில்லை. மிளகாய், கத்தரி, தக்காளி விதைகளுக்கு முளைப்பதற்கு வேண்டியது வெளிச்சமல்ல, வெப்பம். 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் மிளகாயும் கத்தரியும் ஒன்று இரண்டு வாரத்தில் தலைகாட்டும். மார்ச் மாதத்து ஜன்னல் கண்ணாடியருகே அந்தச் சூடு கிடைக்காது; இரவில் வெளியே உறைபனி. குளிர்சாதனப் பெட்டியின் மேல்பகுதி வெதுவெதுப்பாக இருந்தால் அங்கே, அல்லது சமையலறையில் சூடான ஒரு மூலையில் வையுங்கள். பாகல், புடலை விதைகளுக்குத் தோல் கனம். ஓர் இரவு ஊறவைத்து, ஈரக் காகிதத் துணியில் சுற்றி, மூடும் பையில் போட்டு வெப்பமான இடத்தில் வைத்தால் வேர்முனை வெளிவந்த பிறகு எடுத்து நடலாம். பலகைக்கு இரண்டு வாரம் ஓய்வு கிடைக்கிறது.

முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். நாள் தள்ளினால் தண்டு நூலாக நீண்டுவிடும். மூடியை அப்படியே விட்டு ஜன்னலில் வைப்பதும் தவறு. உள்ளே வேர்க்கும் ஈரம் நாற்றழுகல் நோயை அழைக்கும். உங்கள் நாற்று மண்மட்டத்தில் நூல் கட்டியதுபோல் ஒடுங்கிச் சரிந்தது அந்த நோயால்தான். மண்ணிலேயே இருக்கும் சில பூஞ்சை வகைகள் சதசதவென்ற ஈரத்தில் பெருகி இளந்தண்டைத் தின்கின்றன. சரிந்ததை நிமிர்த்த மருந்து கிடையாது. மேல்மண் காய்ந்து காய்ந்து ஈரமாவதும், சிறு மின்விசிறியின் இலேசான காற்றும் போதும், அது வராமல் தடுக்க. மேல்மண் காய்ந்தால் மண்ணில் முட்டையிடும் கறுப்புக் குட்டிப் பூச்சிகளும் குறையும்.

இப்போது தட்டு. குழித்தட்டுக்கு அடியில் வைக்க விற்கும் கறுப்புத் தட்டு பொதுவாக 25 சென்டிமீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் நீளம். அதில் ஒரே ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் எவ்வளவு தெரியுமா? ஒன்றேகால் லிட்டர். பார்வைக்கு மெல்லிய படலம்தான். கவிழ்ந்தால் பெரிய பால் குவளை ஒன்று உடைந்ததற்குச் சமம். போதாததற்கு நம் அடுக்குமாடி ஜன்னல்களின் அடிப்பலகை ஒரு சாண் அகலம்கூட வராது. அகலத் தட்டு பாதி அந்தரத்தில் நிற்கும். ஒரு நாள் திரை இழுக்கும்போது கை பட்டால் போதும். பலகையின் அகலத்துக்குள் முழுதாக அடங்கும் நீளமான ரொட்டி வார்க்கும் பாத்திரம், ஐஸ்கிரீம் டப்பா, பூத்தொட்டிக்கு உள்ளே வைக்கும் நீளப் பெட்டி, இவற்றில் ஒன்றைத் தேடுங்கள். பக்கச்சுவர் குறைந்தது மூன்று விரல் உயரம் இருக்கட்டும்.

எந்தத் தட்டாக இருந்தாலும், புதிதாகவே வாங்கியிருந்தாலும், ஓர் இரவு சோதித்துவிடுங்கள். சமையல் மேடையில் செய்தித்தாளை விரித்து, தட்டை அதன்மேல் வைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் தாளைத் தடவிப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தட்டுகள் பெரும்பாலும் மூலை மடிப்பில்தான் விரிசல் விடும். தாளில் நாணயம் அளவு ஈரப்பொட்டு மூலைக்கு நேர்கீழே இருக்கும். என்னிடம் இருக்கும் பழைய தட்டுகளில் ஆண்டுக்கு ஒன்றாவது இந்தச் சோதனையில் தோற்கிறது. தோற்றதை ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள்.

தட்டைப் பலகையில் அப்படியே உட்கார வைக்கவும் கூடாது. நான்கு மூலைக்கும் நான்கு தக்கைத் துண்டு வைத்து, ஒரு விரல் கனத்துக்குத் தூக்கி வையுங்கள். அடியில் காற்று ஓடும். ஈரம் இருந்தால் கண்ணுக்குத் தெரியும், துணியால் எட்டித் துடைக்கவும் முடியும். சிலர் பலகையைப் பாதுகாப்பதாக நினைத்துப் பிளாஸ்டிக் தாளைப் படியப்படிய ஒட்டி வைக்கிறார்கள். அதன் அடியில் ஒருமுறை ஈரம் புகுந்தால் அதுவே மூடிபோட்ட பானையாகிவிடும். நான் கழற்றிய மிக மோசமான பலகைகளில் சில அப்படி ‘பாதுகாக்கப்பட்டவை’.

தண்ணீர் விடும் முறையை நான் செய்கிறபடியே சொல்கிறேன். காலையில் காப்பிக்குப் பால் அடுப்பில் ஏறும் நேரம். ஒவ்வொரு கிண்ணத்தையும் கையில் தூக்கிப் பார்ப்பேன். ஒரு வாரம் தூக்கினால் கைக்கே எடை பழகிவிடும்; நீர் குடித்த கிண்ணம் கனக்கும், காய்ந்தது காகிதம்போல் எழும்பும். எழும்புகிறவற்றை மட்டும் சமையலறைக்கு எடுத்துப்போவேன். தொட்டியில் ஒரு அகலப் பாத்திரத்தில் இரண்டு விரல் வெதுவெதுப்பான நீர். அதில் அவற்றை நிறுத்தினால் அடித்துளை வழியாக மண் தானே இழுத்துக்கொள்ளும். இருபது, முப்பது நிமிடத்தில் மேல்மண் வெளிர்நிறத்திலிருந்து கருநிறத்துக்கு மாறும். மாறியதும் எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் ஊறக் கூடாது. பிறகு பாத்திரம் வடிய வைக்கும் கூடையில் சாய்வாக வைப்பேன். சாய்த்து வைத்தால் அடியில் தங்கும் கடைசி நீரும் ஒரு மூலைக்கு வந்து சொட்டும். சொட்டு நின்று, அடியைத் துணியில் ஒற்றிய பிறகுதான் ஜன்னலுக்குத் திரும்பும்.

இது வேலை அதிகம் என்று தோன்றலாம். வாரத்துக்கு இரண்டு தடவை, சில நேரம் மூன்று. குழித்தட்டை முழுதாகத் தூக்கிக்கொண்டு நடப்பது சிரமம் என்பதால், ஆறாறு குழிகள் உள்ள துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் அடங்கும். வயதானவர்கள், முதுகு வலி உள்ளவர்கள் ஜன்னலிலேயே ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால், குவளை வேண்டாம். வான்கோழி வேகும்போது சாறு எடுத்து ஊற்றுவதற்கு இங்கே எல்லாக் கடைகளிலும் ரப்பர் குமிழ் வைத்த குழாய் ஒன்று விற்கிறார்கள். அதால் தட்டுக்குள் அளந்து ஊற்றலாம். அரைமணி கழித்து மிஞ்சியதை அதாலேயே உறிஞ்சி எடுக்கலாம். தட்டில் நீர் தேங்கியபடி இரவைக் கழிக்க விடாதீர்கள். தெளிப்பானால் ஜன்னலில் தெளிப்பதையும் விட்டுவிடுங்கள். செடிக்குப் போவதைவிடக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் போவதே அதிகம்.

கண்ணாடி என்றதும் இன்னொன்று. நீங்கள் சொட்டுக்கூடச் சிந்தாவிட்டாலும் குளிர்காலத்தில் கண்ணாடியே தண்ணீர் சுரக்கும். அறையின் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகி, வழிந்து, அடிப்பலகையின் பின் ஓரத்தில் நிற்கும். இருபது முப்பது கிண்ணம் ஈரமண்ணை ஜன்னலில் அடுக்கினால் இது கூடும். அதற்கு மேல் நம் வீடுகளில் சோறும் குழம்பும் கொதிக்கின்றன. சமைக்கும்போது புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். கண்ணாடிக்கும் செடிக்கும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். இலை கண்ணாடியில் ஒட்டினால் குளிரிலும் கருகும், ஈரத்திலும் அழுகும். இரவில் திரையை மூடும்போது செடிகள் திரைக்கு உள்ளே, அறைப்பக்கம் இருக்க வேண்டும். திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கினால் அறையின் சூடு அவற்றுக்குப் போய்ச் சேராது. காலையில் எழுந்ததும் கண்ணாடியின் கீழ் ஓரத்தைப் பழைய துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். என் வீட்டில் அந்தத் துணி ஜன்னல் கொக்கியிலேயே தொங்குகிறது.

ஜன்னலுக்கு நேர்கீழே சுவரோரமாக நீளும் மின்சூடேற்றி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஜன்னலில் நாற்று வைக்காதீர்கள் என்றே சொல்வேன். தண்ணீர் அதன்மேல் ஒழுகுவது பலகைச் சேதம் அல்ல, உயிர் ஆபத்து. வெந்நீர்க் குழாய் ஓடும் பழைய வகைச் சூடேற்றியாக இருந்தால் மின்பயம் இல்லை. ஆனால் மண் வேகமாகக் காயும், தினமும் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். எல்.ஈ.டி. விளக்கு வைக்கிறீர்கள் என்றால் அதன் வயர் பிளக்குக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் பிளக்கைவிடத் தாழத் தொங்கட்டும். வயர் வழியே ஓடிவரும் சொட்டு அந்தத் தாழ்விலேயே கீழே விழுந்துவிடும். பல பிளக் சொருகும் பெட்டியைத் தட்டுக்கு அடியில் தரையில் போடாதீர்கள்.

இவ்வளவும் கேட்டபின் உங்கள் பலகையின் மேல் நம்பிக்கை வரவில்லை என்றால், எனக்குப் பிடித்த மாற்றுவழி ஒன்று உண்டு. பலகையை விட்டுவிடுங்கள். ஜன்னலை ஒட்டி, பலகை உயரத்துக்கு ஒரு மடக்கு மேசையைப் போடுங்கள். அதன்மேல், குளிர்காலத்தில் பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றி வைக்க வாசலில் போடுவோமே, அந்த ரப்பர் தட்டை விரியுங்கள். மார்ச் கடைசியில் பூட்ஸுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. கனமானது, ஓரம் உயர்ந்தது, உருகும் பனியைத் தாங்குவதற்கென்றே செய்தது. நன்றாகக் கழுவி உப்பைப் போக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். தெருவில் கொட்டும் உப்பு செடிக்கு ஆகாது. சிறு தட்டுகள் அதன்மேல் நின்றால் இரட்டைப் பாதுகாப்பு. நானே ஐந்தாறு ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன்.

விதைக்கும் நாளைக் கவனித்தாலே பாதித் தண்ணீர்த் தொல்லை குறையும். சீக்கிரம் விதைத்தவர் அதிக வாரம் நீர் விட வேண்டும். இங்கே கத்தரியையும் மிளகாயையும், மே பிற்பாதியில் வரும் விக்டோரியா தின விடுமுறை வார இறுதிக்குப் பிறகு, இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாத நிலையில்தான் வெளியே நடுகிறோம். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் மிளகாய், கத்தரிக்கு 8 முதல் 10 வாரம். தக்காளிக்கு 6 முதல் 8. பாகல், புடலைக்கு 3 அல்லது 4 போதும். பிப்ரவரியிலேயே ஆசைப்பட்டு எல்லாவற்றையும் போட்டால் மே வருவதற்குள் செடி பெருத்து, கிண்ணம் கவிழ்ந்து, பலகை மறுபடி நனையும். எண்ணிக்கையிலும் ஆசையை அடக்குங்கள். பால்கனியில் ஆறு தொட்டிதான் வைக்க முடியும் என்றால் பத்து நாற்று போதும்.

இரண்டு மூன்று நாள் வெளியூர் போக வேண்டியிருந்தால், தட்டை நிரப்பி வைத்துவிட்டுப் போகாதீர்கள். மூடியுள்ள ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, மூடியில் துளையிட்டு, செயற்கை நூல்திரி ஒன்றை மேலே கிண்ணத்தின் அடித்துளைக்குள் செலுத்துங்கள். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் நூல் நீரை இழுக்கும். மூடி இருப்பதால் இடித்தாலும் கொட்டாது. பருத்தி நூல் நாளடைவில் மக்கிவிடும். கம்பளிபோல் இருக்கும் அக்ரிலிக் நூல் நல்லது.

இனி, கெட்டுப்போன பலகை. அதை மறைத்து மேலே வெறும் பெயின்ட் அடிக்காதீர்கள். நீரில் கரையும் பெயின்டை அடித்தால் மஞ்சள் கறை சில நாளில் மேலே ஊறி வந்துவிடும். முதலில் முழுதாகக் காய வேண்டும். ஒன்றிரண்டு வாரமாவது எதுவும் வைக்காமல் விடுங்கள். கொப்புளங்களைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பள்ளத்துக்குப் பட்டி பார்த்து, அரக்கு கலந்த பிரைமர் ஒரு கை அடித்துவிட்டுப் பெயின்ட் அடித்தால் கறை அடங்கும். அரக்குப் பிரைமரின் வாடை கடுமையானது. ஜன்னலைத் திறந்து வைத்து அடியுங்கள். ஓரம் அரை சென்டிமீட்டருக்கு மேல் உப்பியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, பலகையை மாற்ற வேண்டும். அது பெரிய வேலையில்லை. கைப்பழக்கம் உள்ளவருக்கு அரைநாள். மாற்றும்போது அறுத்த ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் இரண்டு கை பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். பின் ஓரத்துச் சிலிக்கானையும் புதிதாக இழுக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஒன்டாரியோவில் வழக்கமான தேய்மானத்தைச் சரிசெய்வது வீட்டுக்காரர் பொறுப்பு; வாடகைக்காரரின் கவனக்குறைவால் வந்த சேதம் வாடகைக்காரர் பொறுப்பு. ஜன்னல் வேர்த்து ஊறியதா, தட்டு ஒழுகி ஊறியதா என்பது பார்த்தாலே தெரியும்: வேர்த்த நீர் கண்ணாடியை ஒட்டிய பின் ஓரத்தைத் தின்னும், தட்டு நீர் நடுவிலும் முன் ஓரத்திலும் தின்னும். உங்கள் பலகையில் முன் ஓரம் உப்பியிருக்கிறது, அதனால் அது தட்டு நீர்தான். இரண்டு இடத்திலும் உப்பியிருந்தால் இரண்டையும் புகைப்படம் எடுத்துக்கொண்டு போங்கள்.